தண்ணீருக்கு 999 ஆண்டு, இளைஞருக்கு மூன்றாண்டு

1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் சமஸ்தானமும் பிரிட்டிஷ் இந்திய அரசும் ஒரு குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்திட்டன. பெரியாற்றுத் தண்ணீரை மலையைக் குடைந்து மதுரைச் சீமைக்குத் திருப்புவதற்காக 8,000 ஏக்கர் நிலம்; ஏக்கருக்கு ஆண்டு வாடகை ஐந்து ரூபாய்; குத்தகைக் காலம் 999 ஆண்டுகள். சமஸ்தானம் போனது, சாம்ராஜ்யம் போனது, மாநிலங்களின் எல்லைகள் மாறின. பத்திரம் மட்டும் நிற்கிறது. 1970இல் வாடகையை ஏக்கருக்கு முப்பது ரூபாயாக உயர்த்தி இரு மாநிலங்களும் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தன. அதே ஆண்டில் கையெழுத்தான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 1958 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. முப்பது ஆண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை என்று அதிலேயே எழுதப்பட்டது. கோவைக்குச் சிறுவாணிக் குடிநீர் தருவதற்கான 1973 ஒப்பந்தத்துக்கு 99 ஆண்டு ஆயுள்.

இந்த ஒப்பந்தங்களைச் சுற்றி எத்தனையோ வழக்கும் வருத்தமும் உண்டு. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: தண்ணீர் என்றால் நூற்றாண்டுக் கணக்கில் யோசிக்க நம் அரசுகளுக்குத் தெரியும். இதே மலையில், இதே எல்லையில் பிறந்து வளரும் பிள்ளைகளுக்கான பணத்தை மட்டும் இரண்டாண்டு, மூன்றாண்டுத் திட்டங்களாகவே பிரித்துப் பிரித்துக் கொடுத்துவந்திருக்கிறோம். ஆனைகட்டியைத் தாண்டினால் அட்டப்பாடி. வாளையாறு, கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் வழியே சித்தூர் வட்டம். உடுமலைக்கு மேலே மறையூர், மூணாறு. போடிமெட்டிலும் கம்பம்மெட்டிலும் ஏறினால் ஏலத்தோட்டங்கள். 1956இல் எல்லை வகுக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன; மலபார் மாவட்டத்தோடு பாலக்காடும் சென்னை மாநிலத்திலிருந்து பிரிந்தது. அன்று முதல் இங்குள்ள தமிழ்க் குடும்பங்களும் பழங்குடியினரும் ஒரு தலைநகரத்துக்கு மிகத் தொலைவிலும் இன்னொரு தலைநகரத்தின் கணக்குக்கு வெளியிலும் இருக்கிறார்கள்.

அரசும் தனியாரும் கைகோத்து மக்கள் நலத்தைப் பார்ப்பது புதிய யோசனை என்று சொல்லப்படுகிறது. மூணாறுக்கு அது புதிதல்ல. 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலையைப் பெற்ற பிறகு, திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் பக்கங்களிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்து மலையேற்றினார்கள். சாலை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், ரயில் எல்லாமே அங்கே தோட்டக் கம்பெனி போட்டவை. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் அந்த ஏற்பாட்டைக் கருணையிலிருந்து கடமையாக்கியது. வீடு, மருத்துவம், பிள்ளைகள் காப்பகம், ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைகள் இருபத்தைந்துக்கு மேல் இருந்தால் பள்ளி என்று தோட்ட முதலாளியின் பொறுப்புகளை அது வரிசைப்படுத்தியது. இதன் பயனைக் குறைத்துச் சொல்லக் கூடாது. லயங்கள் எனப்படும் தோட்டத்து வரிசை வீடுகளில் பிறந்த தலைமுறைகள் எழுத்தறிந்தது இந்த ஏற்பாட்டில்தான்.

ஆனால் அந்தச் சட்டம் பன்னிரண்டு வயதோடு நின்றுவிட்டது. பதினாறு வயதுப் பையனும் பதினெட்டு வயதுப் பெண்ணும் அதன் கண்ணில் படவில்லை. லயத்து வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் வீடும் போகும். அம்மா ஓய்வுபெறும் ஆண்டில் மகளோ மருமகளோ கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டால்தான் குடும்பத்துக்குக் கூரை. எத்தனையோ பிள்ளைகளின் படிப்பு மதிப்பெண்ணால் நிற்கவில்லை, அந்தக் கூரையால் நின்றது. 2005இல் டாடா டீ பெருமளவு விலகி, தொழிலாளர்களையே பங்குதாரர்களாக்கிக் கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளாண்டேஷன்ஸ் உருவானபோதும் வீட்டுக்கும் வேலைக்குமான முடிச்சு அவிழவில்லை. 2015 செப்டம்பரில் ஆயிரக்கணக்கான பெண்கள், சங்கத் தலைவர்களை ஒதுக்கிவைத்துவிட்டு மூணாறு சாலையில் அமர்ந்தார்கள். பெம்பிளை ஒருமை என்று பெயர் பெற்ற அந்தப் போராட்டம் இருபது சதவீத போனஸுக்காக நடந்தது. அந்தக் கோரிக்கையில் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணமும் அடங்கியிருந்தது என்பதை மலையை அறிந்தவர்கள் அறிவார்கள். 2020 ஆகஸ்டில் பெட்டிமுடி நிலச்சரிவு லயங்களோடு எழுபது உயிர்களைக் கொண்டுபோனது. பட்டம் பெறும் கனவோடு படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளும் அதில் உண்டு.

மூணாறிலேயே நல்ல முன்மாதிரியும் இருக்கிறது. தோட்டத் தொழிலாளர்களின் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்காக டாடா டீ 1990களில் தொடங்கிய சிருஷ்டி அமைப்பு, இயற்கைச் சாயமேற்றும் ஆரண்யா, காகிதப் பொருள் செய்யும் அதுல்யா, பழப்பாகு செய்யும் நிசர்கா என்று பல பட்டறைகளாக வளர்ந்திருக்கிறது. கம்பெனி அதற்கு நிலமும் கட்டடமும் தொடர்ந்த துணையும் தந்தது. இளைஞர்கள் தாங்கள் செய்த பொருளை விற்று வருமானம் கொண்டுவருகிறார்கள். தோட்ட உரிமை கைமாறிய பிறகும் அது முப்பது ஆண்டுக்குக் குறையாமல் தாக்குப்பிடித்திருப்பதற்குக் காரணம், கொடுப்பவர் கைவிரித்தால் மறுநாளே மூடவேண்டிய நிலையில் அது இல்லை என்பதே. கொடையும் சொந்த வருமானமும் சேர்ந்து நின்றதால் அதற்கு இரண்டு கால்கள் இருந்தன.

அட்டப்பாடியின் கதை வேறு. அகளி, புதூர், சோளையூர் என மூன்று பஞ்சாயத்துகள், 745 சதுர கிலோமீட்டர். இருளர், முதுகர், குறும்பர் என்னும் பழங்குடியினர் 1951இல் பத்தில் ஒன்பது பேராக இருந்தார்கள். 2001 கணக்கெடுப்பில் பாதிக்கும் கீழே போனார்கள். காடு அழிந்து மண் கரைந்த அந்த மலைக்கு ஜப்பான் அரசின் கடனுதவியோடு ஒரு பெருந்திட்டம் வந்தது. 1996இல் கடன் ஒப்பந்தம். மொத்த மதிப்பு ஏறத்தாழ 219 கோடி ரூபாய். நடத்தியது அட்டப்பாடி மலைப்பகுதி வளர்ச்சிச் சங்கம். ஊர்க்காரர்கள் வாயில் அது அஹாட்ஸ். தடுப்பணை, மரம் நடுதல், வீடு கட்டுதல் எல்லாவற்றையும் ஒப்பந்தக்காரரிடம் விடாமல் ஊர்க்குழுக்களிடம் ஒப்படைக்கும் துணிவு அதற்கு இருந்தது. ஊர் இளைஞர்கள் கணக்கு எழுதினார்கள், அளவெடுத்தார்கள், கூட்டம் நடத்தினார்கள். அரசு அலுவலகத்தின் வாசலில் நின்றவர்கள் உள்ளே மேசைக்கு வந்த காலம் அது. என் கணிப்பில், நட்ட மரங்களைவிடப் பெரிய விளைச்சல் அந்த இளைஞர்கள்தான்.

2010இல் திட்டக் காலம் முடிந்தது. கடனுக்குத் தேதி இருந்தது, அதனால் சம்பளத்துக்கும் தேதி இருந்தது. பத்தாண்டு பழகிய கைகளை அடுத்து என்ன செய்வது என்பதற்கு எந்தத் தலைப்பிலும் பணம் ஒதுக்கப்படவில்லை. மூன்றே ஆண்டுகளில், 2013இல், ஊட்டக்குறைவால் குழந்தைகள் இறந்த செய்தி நாட்டையே உலுக்கியது. பிறகு கேரள அரசின் பெண்கள் இயக்கமான குடும்பஸ்ரீ வழியே தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் சிறப்புத் திட்டம் வந்தது. ஊர்ச்சமிதிகள் மறுபடி அமைந்தன. சிறுதானியம் மறுபடி விதைக்கப்பட்டது. நல்ல வேலை. ஆனால் முன்னே கட்டிய மனிதக் கட்டுமானத்தின்மேல் அடுத்த மாடி எழுப்பாமல், மறுபடி அஸ்திவாரம் தோண்டியதுதான் நடந்தது. தங்குமிடத்தில் தங்கிப் படித்து, ஒரு தொழில் கற்று, அதில் காலூன்றி, தம்பி தங்கையைக் கைதூக்கிவிட ஒரு பழங்குடி இளைஞருக்குப் பதினைந்து ஆண்டாவது வேண்டும். அந்தப் பதினைந்து ஆண்டுக்குள் மூன்று திட்டங்கள் வந்து மூன்று பெயர்ப்பலகைகள் மாறிவிடுகின்றன.

தனியார் முதலீடு வந்தாலே இளைஞர் வாழ்வு மலரும் என்ற நம்பிக்கைக்குச் சித்தூர் பக்கத்திலுள்ள பிளாச்சிமடை ஒரு பதில். 2000இல் கொக்கோ கோலா ஆலை வந்தது. நிலத்தடி நீருக்கான போராட்டத்தின் நடுவே 2004இல் உற்பத்தி நின்றது. ஊருக்கு நேர்ந்த இழப்பு 216 கோடி ரூபாய் என ஓர் உயர்மட்டக் குழு மதிப்பிட்டது. 2011இல் கேரளச் சட்டமன்றம் நிறைவேற்றிய இழப்பீட்டு மசோதா சட்டமாகவே ஆகவில்லை. ஆலை வரும் நாளில் ஊருக்கு என்ன என்று பத்திரத்தில் எழுதாததன் விலை அது.

இன்று எல்லோரும் கைகாட்டுவது பெருநிறுவனச் சமூகப் பொறுப்பு நிதியை. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, 2014 ஏப்ரல் முதல், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. நிறுவனம் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவும் சொல்கிறது. ஆனால் தொடர்பணி என்று எடுத்துக்கொண்டாலும், தொடங்கிய நிதியாண்டு போக மூன்று ஆண்டுக்குள் முடித்தாக வேண்டும். 2021 திருத்தங்களுக்குப் பிறகு, எந்த அமைப்பின் மூலநிதிக்குக் கொடுத்தாலும் அது இந்தக் கணக்கில் சேராது என்று மத்திய அரசு தெளிவுபடுத்திவிட்டது. பணத்தைப் பதுக்கிவைக்கும் அறக்கட்டளைகளைத் தடுப்பது அதன் நோக்கம், நோக்கத்தில் பிழையில்லை. விளைவு என்னவென்றால், நெடுங்காலப் பொறுப்பை இந்தப் பணத்தின் தலையில் கட்டச் சட்டமே இடம் தரவில்லை. பயிற்சிக்கூடத்துக்குக் கணினி வாங்க அது உதவும். அங்கே பத்தாம் ஆண்டில் பாடம் நடத்தும் ஆசிரியருக்குச் சம்பளம் தர உதவாது.

நிலைத்த வருவாய்க்கு நம்மிடம் இருந்த வழி ஒன்றும் கைவிட்டுப் போயிற்று. 1953 தேயிலைச் சட்டத்தின் கீழ் தேயிலைமேல் ஒரு சிறு தீர்வை வசூலிக்கப்பட்டது. தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை தருவதும் தேயிலை வாரியத்தின் நலப்பணிகளில் ஒன்று. சரக்கு சேவை வரி வந்த 2017இல் அந்தத் தீர்வையும் பீடித் தொழிலாளர் நலத் தீர்வையும் ஒரே சட்டத்தில் நீக்கப்பட்டன. வரி எளிதாயிற்று, இலைக்கும் இலை கிள்ளிய கையின் பிள்ளைக்கும் இருந்த நேரடித் தொடர்பு அறுந்தது.

சோழர் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்கு நிரந்தர நிதி என்பது விளங்கும். கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிய 96 ஆடுகள். இடையர் அவற்றை மேய்த்து நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். பெருகும் குட்டிகள் அவருக்கு. எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாது. சாவா மூவாப் பேராடு என்று கல்லில் வெட்டினார்கள். கொடுத்தவர், நடத்தியவர், மேற்பார்த்த சபை என மூவர் பங்கும் தெளிவாக எழுதப்பட்டிருக்கும். யாருக்காக அந்த விளக்கு, யாருக்கு உள்ளே இடமில்லை என்ற கேள்விகளை நான் மறக்கவில்லை. கணக்கின் அறிவைத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன்: முதல் குறையாது, விளைவை மட்டும் செலவிடு.

இந்தக் காலத்திலும் அப்படி ஒரு முயற்சி நடந்தது. 2007–08 முதல் மத்திய அரசு நாடெங்கும் 1,396 அரசு ஐடிஐகளுக்குத் தலா இரண்டரைக் கோடி ரூபாய் வரை வட்டியில்லாக் கடன் தந்தது. தொழில்துறையினர் தலைமையிலான நிர்வாகக் குழு அதை நடத்தும், பத்தாண்டு தவணையில்லை, பிறகு இருபதாண்டில் திருப்பித் தரலாம். ஒரு பகுதியை வங்கியில் வைப்புநிதியாக வைத்து வட்டியைப் பயன்படுத்தவும் இடமிருந்தது. முப்பதாண்டுக் கணக்கோடு இளைஞர் பயிற்சிக்கு எழுதப்பட்ட அரிய திட்டம் என்று இதைச் சொல்வேன். 2008 நீர்மின் கொள்கையில் இன்னொரு விதை இருக்கிறது: புதிய நீர்மின் திட்டங்களில் உற்பத்தியின் ஒரு சதவீதத்தை வட்டார வளர்ச்சி நிதிக்கென இலவசமாக ஒதுக்கும் ஏற்பாடு. 1940இல் தொடங்கிய பள்ளிவாசலும் 1976இல் தொடங்கிய 780 மெகாவாட் இடுக்கியும் அதற்கு முந்தியவை. ஆனாலும் கேரள அரசு மனம்வைத்தால், அந்த மின்சாரத்தின் ஒரு சிறு பங்கை மலைப்பிள்ளைகளின் பெயரில் எழுத எந்தத் தடையும் இருப்பதாகத் தெரியவில்லை.

எல்லையோர இளைஞருக்கும் இப்படி முதல் குறையாத ஒரு மூலநிதி வேண்டும். ஒரே விளைபொருளை மட்டும் நம்பி அதை அமைக்கக் கூடாது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தேயிலை விலை சரிந்தபோது பீர்மேட்டில் தோட்டங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டன. சம்பளமே இல்லாத இடத்தில் நலநிதி எங்கிருந்து வரும்? ஆகவே மின்சாரத்தில் கொஞ்சம், புத்தடியிலும் போடியிலும் நடக்கும் ஏலக்காய் ஏலத்தில் கிலோவுக்குச் சில காசு, மூணாறு வரும் சுற்றுலாவில் கொஞ்சம், தொழிற்பேட்டை நிலக் குத்தகையில் கொஞ்சம் எனப் பல ஓடைகள் வேண்டும். ஏலக்காய்ப் பங்கில் இரு மாநிலத்துக்கும் உரிமை உண்டு. விடியுமுன் தேனிப் பக்கத்திலிருந்து ஜீப்பில் அடைந்து மலையேறும் பெண்களின் பிள்ளைகளும் இதே மூலநிதியைச் சேர்ந்தவர்களே. நிறுவனங்களிடம் கேட்கவேண்டியது பணத்தைவிட முக்கியமான ஒன்று: இடம். பயிற்சியாளர் சட்டப்படி முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தங்கள் ஆட்பலத்தில் இரண்டரை முதல் பதினைந்து சதவீதம் வரை பயிற்சியாளர்களை அமர்த்த வேண்டும். பாலக்காட்டின் கஞ்சிக்கோட்டு ஆலைகள் அந்த இடங்களில் ஒரு பகுதியை அட்டப்பாடிக்கும் தோட்டங்களுக்கும் ஒதுக்கட்டும். மூலநிதியின் வட்டி, அந்தப் பிள்ளைகள் தங்க விடுதியும், தமிழில் படித்தவர்களுக்கு முதல் ஆறு மாதம் மலையாளமும் தொழில்மொழியும் சொல்லித்தர ஆசிரியர்களும் தரட்டும்.

இதற்கு வாய்ப்பான வேளை இப்போது வந்திருக்கிறது. 2024 ஆகஸ்ட் 28 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பன்னிரண்டு தொழில் நகரங்களில் ஒன்று பாலக்காடு: அங்குள்ள புதுசேரி ஊராட்சி வட்டாரத்தில் 1,710 ஏக்கர், 3,806 கோடி ரூபாய். வாளையாறு எல்லைக்கு அருகிலுள்ள நிலம். மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து நடத்தும் நிறுவனம், மனை மனையாகத் தொழிலதிபர்களுக்கு நீண்டகால உரிமை எழுதிக்கொடுக்கப் போகிறது. ஒவ்வொரு பத்திரத்திலும் ஒரு பிரிவு சேர்க்கப்பட வேண்டும்: குத்தகைத் தொகையில் நூற்றுக்கு ஒன்று, குத்தகை இருக்கும் காலம் முழுவதும், எல்லையோர இளைஞர் மூலநிதிக்கு. முதலைத் தொடக்கூடாது. நிர்வாகக் குழுவில் அட்டப்பாடியின் மூன்று பஞ்சாயத்துகளுக்கும், சித்தூர் வட்டத்துக்கும், தேவிகுளம், பீர்மேடு வட்டங்களுக்கும் இடம் வேண்டும். ஊர்ச்சமிதிகளிலிருந்தும் லயங்களிலிருந்தும் முப்பது வயதுக்குட்பட்டவர்கள் வேண்டும். ஆண்டுக் கணக்கு மலையாளத்திலும் தமிழிலும் ஊர்க்கூட்டத்தில் வாசிக்கப்பட வேண்டும். முதல் மனைக்கான பத்திரம் பதிவாகும் முன்பே கேரளத் தொழில்துறை இதை அறிவிக்கலாம். பதிவான பிறகு கேட்டால், பிளாச்சிமடை மக்களைப் போல நீதிமன்றத்துக்கும் தில்லிக்கும் நடக்கவேண்டியிருக்கும்.