தச்சனின் வாங்கு

வீட்டுக்குள் ஒருமுறை சுற்றி வந்து, அங்குள்ள மரப்பொருள்களின் பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கதிரை, மேசை, அலுமாரி, யன்னல், வாங்கு: இவை யாவும் போர்த்துக்கேயர் நமக்கு விட்டுச் சென்ற சொற்கள். 1505ஆம் ஆண்டில் இலங்கைக் கரையை அடைந்த அவர்களை 1658இல் ஒல்லாந்தர் முற்றாக அகற்றினர். ஆட்சி போயிற்று, சொற்கள் மாத்திரம் நம் வீட்டு விறாந்தையில் சாவதானமாக அமர்ந்துவிட்டன.

இவற்றுள் 'வாங்கு' என்னும் சொல் நெடுந்தூரம் நடந்து வந்தது. போர்த்துக்கேய மொழியில் அது 'பாங்கோ'. அம்மொழிக்கோ அது வட ஐரோப்பியரின் செர்மானிய மொழிகளிலிருந்து கிடைத்தது. ஆங்கிலேயரின் 'பெஞ்ச்', சுவீடன் நாட்டாரின் 'பெங்க்', நமது வாங்கு ஆகிய மூன்றும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். இத்தாலியில் நாணயம் மாற்றுவோர் வாங்கு ஒன்றைப் போட்டு அமர்ந்து தொழில் செய்தமையால், பணம் வைக்கும் 'பாங்க்' என்பதும் இக்குடும்பத்திலேயே பிறந்தது. உறவினர் பலர் இருந்தும், மிக அதிகமாக உழைத்து மிகக் குறைவாகப் புகழப்பட்டது தச்சனின் வாங்குதான்.

தெமட்டகொடையின் பெயரிலேயே ஒரு மரம் இருக்கிறது. 'தெமட்ட' என்பது குமிழ இனத்து மரத்தைக் குறிக்கும் சிங்களச் சொல் என்பர். பேஸ்லைன் வீதியின் இரைச்சலை விட்டு ஓர் ஒழுங்கைக்குள் திரும்பினால், தகரக் கூரையின் கீழ் ஒரு தச்சுப் பட்டறை. உள்ளே காலடி வைத்ததும் பலாப் பலகையின் வாசனை நம்மை வரவேற்கும். ஒரு பக்கம் அரைகுறையாய் நிற்கும் கதவு நிலைகள். மறுபக்கம் கால் முறிந்து வைத்தியத்துக்கு வந்திருக்கும் கதிரைகள். நடுவில், தலைமுறைகள் கண்டு கறுத்த ஒரு கனத்த மேசை. அதுவே தச்சனின் வாங்கு.

அதன் உரிமையாளரான முதியவரை ஒழுங்கையில் உள்ளோர் யாவரும் 'பாஸ்' என்றே அழைக்கின்றனர். யாழ்ப்பாணத்தில் ஓடாவி என்போம். கொழும்பில் தச்சரும் கொத்தனாரும் பாஸ். இது ஒல்லாந்தர் தந்த சொல். தொழிலில் தேர்ந்த தலைவன் என்பது அதன் பொருள். அமெரிக்காவில் குடியேறிய ஒல்லாந்தர் வாயிலாக இதே சொல் ஆங்கிலத்திற் புகுந்து, இன்று குளிரூட்டிய அறையில் அமர்ந்திருக்கும் மேலதிகாரியைக் குறிக்கிறது. அதிகாரிக்கு வாய்த்த பட்டம் கைத்தொழிலாளியின் பட்டம். நாமோ முன்னவரைக் கண்டு எழுந்து நிற்கிறோம், பின்னவரைக் கொல்லைப்புற வாசலால் வரச் சொல்கிறோம்.

"பாஸ், இந்த வாங்கை எங்கே வாங்கினீர்கள்?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "இதை யாரும் வாங்குவதில்லை, தம்பி. கதிரை கேட்டு வருவார்கள், கட்டில் கேட்டு வருவார்கள். வாங்கு கேட்டு எவரும் வந்ததில்லை. இது என் குருநாதர் தமக்கென்று செய்தது. இடித்த வீடொன்றின் பலா உத்தரம். அவர் கண் மங்கியபின் எனக்குத் தந்தார்."

வாங்கின் தொழில் யாது? பலகையை அசையாமற் பிடித்துக்கொள்வது, அவ்வளவே. ஆனால் தச்சு வேலையின் பாதி அந்த 'அவ்வளவே'யில் அடங்கியிருக்கிறது. ஒரு கையால் பலகையைப் பற்றிக்கொண்டு மறு கையால் சீவுளி தள்ள முயல்வோருக்கு இவ்வுண்மை விளங்கும். நம் நாட்டுத் தச்சர்கள் நிலத்தில் அமர்ந்து, பாதங்களால் மரத்தைப் பற்றி வேலை செய்து வந்தவர்கள். கால்விரல்களே அவர்களுக்குத் திருகுப் பிடி. அவ்வாறு அமர்ந்தே வானளாவிய தேர்களைச் செதுக்கினர் என்பதை எண்ணும்போது அந்தப் பாதங்களை வணங்கத் தோன்றும். ஐரோப்பியத் தச்சனோ நின்று வேலை செய்பவன்; அவன் தன் பாதங்களின் கடமையை வாங்கிடம் ஒப்படைத்தான்.

இவ்வகை வாங்கைச் செவ்வையாக வளர்த்தெடுத்த நாடுகளுள் சுவீடன் ஒன்று. அங்கே இதற்கு 'ஹீவெல்பெங்க்' என்று பெயர். 'சீவுளி வாங்கு' என்பது பொருள். நீண்ட தடித்த மேற்பலகை. பெரும்பாலும் பீச் அல்லது பேர்ச் மரம். இடப்பக்க முனையில் முழங்கையை மடித்தாற்போல் ஒரு கட்டையும் அதனூடே ஒரு திருகும் இருக்கும். திருகின் கீழ் வெற்றிடமாகையால் பலகையை நட்டமாக நிறுத்தியும் இறுக்கலாம். வலப்பக்க முனையில் முன்னும் பின்னும் நகரும் இன்னொரு பிடி. மேற்பலகையின் விளிம்போரம் வரிசையாகச் சதுரத் துளைகள். அவற்றிற் பொருந்தும் முளைகள். இரு முளைகளுக்கிடையே பலகையைக் கிடத்தித் திருகினால் அது இரு முனைகளிலும் பிடிபட்டு நிற்கும். மேற்பரப்பில் சீவுளி தடையின்றி ஓடும். தென் சுவீடனில் மரவேலைக்குப் பேர்போன ஸ்மோலாந்து மாநிலத்தில், ஸ்டொக்கரீட் என்னும் சிற்றூர் இத்தகைய வாங்குகளைச் செய்து உலகெங்கும் அனுப்பிப் பெயர் பெற்றது. நம் பாஸிடம் எவரும் கேளாத வாங்கைக் கேட்டுப் பிற நாட்டார் அவ்வூருக்கு எழுதினர்.

அதற்கு ஒரு காரணம், சுவீடன் வாங்கைப் பட்டறையோடு நிறுத்திவிடாமல் பள்ளிக்கூடத்துக்குள்ளும் கொண்டு சென்றமையே. அயல்நாடான பின்லாந்து 1866இலேயே கைவேலையைப் பாடமாக்கியது. சுவீடனில் கோதன்பர்க் நகருக்கு அண்மையிலுள்ள நேஸ் என்னுமிடத்தில், ஒட்டோ சலமோன் என்பவர் 1870களில் ஆசிரியர்களுக்கென ஒரு பயிற்சிக் கழகத்தை வளர்த்தார். 'ஸ்லொய்ட்' எனப்பட்ட அவரது முறையில் சில எளிய விதிகள் உண்டு. பிள்ளை முதலிற் பழகும் கருவி கத்தி. செய்யும் பொருள் வீட்டுக்குப் பயன்படுவதாக இருத்தல் வேண்டும். எளியதிலிருந்து அரியதற்குப் படிப்படியாகச் செல்லுதல் வேண்டும். எல்லாவற்றிலும் மேலாக, பிள்ளையின் வேலையில் ஆசிரியர் கை வைத்துத் திருத்தலாகாது; கோணினால் கோணலோடு நிற்கட்டும், முழுவதும் பிள்ளையின் கைவேலையாக இருக்கட்டும் என்றார். தச்சர்களை உருவாக்குவது அவர் நோக்கமன்று. நேர்மை, பொறுமை, உழைப்பில் மதிப்பு ஆகியவற்றை விரல்களின் வழியாக மனத்துக்குள் செலுத்துவதே நோக்கம். சுவீடிஷ் பள்ளிகளில் கைவேலை இன்றும் ஆண், பெண் இருபாலார்க்கும் கட்டாய பாடம்.

இவ்வலை நமது திசைக்கும் வந்ததுண்டு. 1920களின் இறுதியில் தாகூரின் கல்விக் குடும்பத்தைச் சேர்ந்த லட்சுமீசுவர சின்ஹா சுவீடன் சென்று நேஸில் இம்முறையைப் பயின்றார். 1937இல் வார்தாவில் காந்தியடிகள் கைத்தொழிலை நடுவாகக் கொண்ட ஆதாரக் கல்வித் திட்டத்தை முன்வைத்தார். நூற்றல், நெசவு, பயிர்த்தொழில் ஆகியவற்றோடு தச்சுவேலையும் அதில் இடம்பெற்றது. அத்திட்டத்தை வகுத்த ஸாகிர் உசேன் குழுவின் அமைப்பாளராக இருந்து, பின்னர் சேவாகிராமத்தில் அக்கல்வியைத் தம் மனைவி ஆஷாதேவியோடு நடத்தியவர் யார் என்று அறிவீர்களா? தாகூரிடம் செயலாளராகவும் பணியாற்றிய யாழ்ப்பாணத்துத் தமிழர், ஈ. டபிள்யூ. ஆரியநாயகம். கையும் கல்வியும் பிரியலாகாது என்று பாரதத்துக்கு எடுத்துரைத்தவர்களுள் நம்மவர் ஒருவர் முன்னணியில் நின்றார். அவர் பிறந்த மண்ணில் நாம் அவரை எவ்வளவு நினைக்கிறோம்?

பட்டறையில் அன்று பாஸ் சொன்ன ஒரு செய்தி மனத்தை விட்டு அகலவில்லை. சில நாட்களுக்கு முன் ஒரு தாய் தம் மகனை அழைத்து வந்தாராம். பையன் பரீட்சையில் தவறிவிட்டான். "இவனுக்குப் படிப்பு வராது, பாஸ். தச்சு வேலையாவது பழகட்டும்" என்றார் அத்தாய். பையன் தலை கவிழ்ந்து நின்றான்.

"அந்தப் பேச்சுக்கு நான் என்ன சொல்வது, தம்பி?" என்றார் முதியவர். "ஒரு கதவு நிலையைச் சேர்த்ததும் அது நேராக நிற்கிறதா என்று எப்படி அறிவேன்? எதிர்ப் பக்கங்கள் சமமா என்று பார்த்தபின், இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கும், அந்த மூலையிலிருந்து இந்த மூலைக்கும் அளப்பேன். இரண்டும் ஒன்றானால் நிலை நேர். இது கணக்கல்லவா? மாரியில் பலகை ஊதும், கோடையில் ஒடுங்கும். அதற்கு எவ்வளவு இடம் விடுவது என்று மரத்துக்கு மரம் தெரிந்திருக்க வேண்டும். இது படிப்பல்லவா? படிப்பு வராதவனுக்கு இந்த வேலையும் வராது. அந்தப் பையனுக்கு வரும் என்றே நினைக்கிறேன். ஆனால் தோற்றவன் போகும் இடம் இது என்று அவன் தாய் அவன் முன்னாலேயே சொல்லிவிட்டாளே!"

பையன் மறுநாள் வரவில்லையாம்.

மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. தெமட்டகொடைக்கு அயலிலுள்ள மருதானையில் 1893ஆம் ஆண்டிலேயே தொழினுட்பக் கல்லூரி தோன்றியது. இன்று நம் நாட்டின் தேசிய தொழிற்றகைமை ஏழு படிகளைக் கொண்டது. அதன் ஏழாம் படி பல்கலைக்கழகப் பட்டத்துக்கு ஒப்பானது. உளி பிடித்துத் தொடங்குபவனுக்கும் மேலே ஏற வழியுண்டு என்பதையே இந்த ஏணி காட்டுகிறது. சான்றிதழை மதிக்கும் பெற்றோருக்கு இங்கேயும் சான்றிதழ் இருக்கிறது. இல்லாதது நம் மனத்தில் மதிப்பு ஒன்றே.

பெற்றோர் இதற்காகப் பெருஞ் செலவு எதுவும் செய்ய வேண்டியதில்லை. வாக்கியத்தில் ஒரு சிறு திருத்தம் செய்தாற் போதும். 'தொழிலாவது பழகட்டும்' என்பதிலுள்ள 'ஆவது' தோல்வியின் சொல். அதை எடுத்துவிட்டு, தமிழ் இலக்கணம் நமக்கு அருளிய 'உம்' என்னும் இடைச்சொல்லை அவ்விடத்தில் வைத்துப் பாருங்கள்: 'தொழிலும் பழகட்டும்.' பரீட்சையில் வென்ற பிள்ளைக்கும் அதைச் சொல்லலாம். தவறிய பிள்ளைக்கும் சொல்லலாம். மகனுக்கும் சொல்லலாம், மகளுக்கும் சொல்லலாம். எவரும் தலை கவிழ வேண்டியதில்லை.