லீவு யாருக்கு?

"நோய் பரவுகிற காலத்தில் பச்சைக் குழந்தையைக் காப்பகத்தில் தள்ளிவிட்டு உத்தியோகத்துக்குப் போகிறாளே, அவளும் ஒரு தாயா?" என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், யாருக்கும் கடன் பாக்கி வைக்காதவர். எங்கள் தெருவில் நாலைந்து குழந்தைகளுக்குச் சின்னம்மை போட்டிருந்த சமயம் அது. என் மனைவி வைத்த காப்பியைக் குடித்துக்கொண்டேதான் கேட்டார். பொதுவாகக் கேட்டதுதான். ஆனால் எங்கள் மூன்று வயதுப் பெண் காப்பகத்துக்குப் போகிறவள் என்பது அவருக்குத் தெரியும்.

என் மனைவி பதில் சொல்லவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நானும் சும்மா இருந்துவிட்டேன். அந்தக் கோழைத்தனத்துக்குப் பிராயச்சித்தமாகத்தான் இதை எழுதுகிறேன்.

அவளும் ஒரு தாயா என்று கேட்டாரே, அவனும் ஒரு தகப்பனா என்று ஏன் கேட்கவில்லை? அந்த வீட்டில் பகல் முழுவதும் எந்தக் காரியாலயத்துக்கும் போகாமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற ஆள் ஒருவன் இருக்கிறான். அவன் நான்தான்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த திங்கட்கிழமை காலையில் குழந்தையின் உடம்பு கதகதவென்றிருந்தது. என் மனைவி ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள். மாதக் கடைசி. வருஷத்துக்கு உண்டான லீவெல்லாம் முன்பே தீர்ந்து போயிருந்தது. "இன்னிக்கு ஒரு நாள் நீங்க பாத்துக்க முடியாதா?" என்றாள். எனக்குத் தொடர்கதையின் கடைசி அத்தியாயம் பாக்கி. "முடியாது" என்றேன். பாராசிட்டமால் சிரப் கொடுத்தோம், சூடு இறங்கிற்று. நானே ஸ்கூட்டரில் கொண்டு போனேன். வாசலில் வாங்கிக்கொண்ட ஆயா நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "லேசா சுடுதே, சார்?" என்றாள். "வெயில்ல வந்தோம்" என்றேன். கதை எழுதுகிறவனுக்குப் பொய் சொல்லவா கற்றுக்கொடுக்க வேண்டும்?

மறுநாள் குழந்தையின் வயிற்றிலும் முதுகிலும் கொப்புளங்கள். அதற்குத் தடுப்பூசி உண்டு. சர்க்கார் இலவசமாகப் போடுகிற பட்டியலில் அது இல்லை. காசு கொடுத்துப் போட்டுக்கொள்ளலாம். சின்னம்மைதானே என்ற அலட்சியத்தில் நாங்கள் போடவில்லை. குழந்தை பத்து நாளில் எழுந்து விளையாடத் தொடங்கிவிட்டாள். பதினைந்தாம் நாள் ஆயா படுத்தாள். குழந்தைகளைச் சும்மா தடவிவிட்டுப் போகிற இந்த நோய் பெரியவர்களைப் போட்டு வாட்டும். சிலருக்கு நுரையீரல் வரைக்கும் போகும். அவள் மூன்று வாரம் படுக்கையில் கிடந்தாள். வராத நாளுக்குச் சம்பளம் கிடையாது என்பது அந்தக் காப்பகத்தின் விதி. என் பெண்ணிடமிருந்துதான் அவளுக்குத் தொற்றியது என்று எந்த டாக்டரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. என்னாலும் இல்லையென்று சொல்ல முடியாது.

அனுப்பலாமா, கூடாதா என்று நாம் விவாதம் செய்கிறபோதெல்லாம் நம் குழந்தையை மட்டுமே நினைக்கிறோம். எதிரே நின்று அந்தக் குழந்தையைக் கையில் வாங்குகிறாளே, அவளுக்கு ஓர் உடம்பு உண்டு, அவளுக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு என்பது யார் கணக்கிலும் வருவதில்லை.

முன்பெல்லாம் அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவார்கள். பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும். அது ஓர் அறிவிப்புப் பலகை. தெரு விலகி நடக்கும். அதே தெரு இளநீரும் மோரும் கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டும் போகும். இன்றைக்கு நாம் ஏன் வேப்பிலையை ஒளித்து வைக்கிறோம்? சொன்னால் குழந்தையைக் காப்பகத்தில் சேர்க்க மாட்டார்கள். கொப்புளமெல்லாம் பொருக்குத் தட்டுகிற வரைக்கும் யாராவது வீட்டிலிருந்தாக வேண்டும். இருந்தால் சம்பளம் போகும், சில இடங்களில் வேலையே போகும். இந்த நிலைமையில் ஒருத்தியை நிறுத்திவிட்டு, "உண்மையைச் சொல்லம்மா" என்று பிரசங்கம் செய்வது எவ்வளவு சுலபம்! கொப்புளம் கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன்னாலேயே இது தொற்றத் தொடங்கிவிடுகிறது. ஆகவே லேசான ஜுரத்துக்கே துணிந்து வீட்டில் நிறுத்திக்கொள்ள வழி இருந்தாலொழிய, தாயின் மனச்சாட்சியை மட்டும் நம்பிப் பிரயோஜனமில்லை.

நண்பரின் மகள் மத்திய சர்க்காரில் வேலை பார்க்கிறாள். பேரனுக்கு உடம்பு சரியில்லையென்றால் வீட்டிலிருந்து பார்த்துக்கொள்கிறாள். நல்ல தாய் என்று அவர் பெருமைப்படுகிறார். படட்டும். ஆனால் 2008 முதல் அந்த உத்தியோகத்திலுள்ள பெண்களுக்குக் குழந்தை வளர்ப்பு லீவு என்று பணிக்காலத்தில் 730 நாள் இருக்கிறது, சம்பளத்தோடு. அவளுடைய தாய்மையில் அந்த 730 நாளுக்கும் பங்குண்டு. என் மனைவியிடம் இருந்தது பன்னிரண்டு நாள். ஆயாவிடம் ஒன்றுமே இல்லை. மூவரில் யார் நல்ல தாய் என்று எந்தத் தராசில் நிறுப்பது?

தகப்பன் சமாசாரம் இன்னும் வேடிக்கை. அந்த லீவை 2018-இல் ஆண்களுக்கும் கொடுத்தார்கள்; தனியாகக் குழந்தை வளர்க்கிறவனாக இருந்தால் மட்டும். மனைவி போய்ச் சேர்ந்தாலோ பிரிந்து போனாலோதான் ஆண்பிள்ளை தகப்பனாகிறான் என்று சர்க்காரும் என் நண்பரைப் போலவே நினைக்கிறது போலிருக்கிறது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளில் நாலு முறை போய்ப் பார்க்கலாம் என்று 2017-இல் சட்டம் திருத்தினார்கள். நல்ல காரியம். நோய் வந்து காப்பகத்தைப் பூட்டுகிற நாளுக்கு யார் வீட்டிலிருப்பது என்பது யார் யோசனையிலும் வரவில்லை. கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் மூடிய விளையாட்டுப் பள்ளிகள் தமிழ்நாட்டில் 2022 பிப்ரவரி 16-ஆம் தேதிதான் திறந்தன. ஏறக்குறைய இரண்டு வருஷம் அந்தக் குழந்தைகளை யார் பார்த்துக்கொண்டார்கள், அதற்காக எத்தனை பெண்கள் உத்தியோகத்தை விட்டார்கள் என்று அவரவர் தெருவில் விசாரித்துப் பாருங்கள்.

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. குழந்தைக்கு நோய் கண்டால் தாயோ தகப்பனோ, இருவரில் ஒருவர், சம்பளத்தோடு வீட்டிலிருக்கச் சில நாள் லீவு, தனியார் கம்பெனியிலும். காப்பகத்து ஆயாவுக்கு நோய் லீவு. அதற்காக நாம் கட்டுகிற மாதக் கட்டணம் கொஞ்சம் கூடினால் கூடட்டும். ஓட்டலில் கொடுப்பதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

ஆயாவின் மூன்று வாரச் சம்பளத்தைக் கவரில் போட்டுக்கொண்டு போனேன். "இதெல்லாம் பழக்கம் பண்ணாதீங்க சார், மத்தவங்களும் கேப்பாங்க" என்றார் காப்பகத்துக்காரர். ஆயா வாங்கிக்கொண்டாள், அன்று வெயிலில்தான் வந்தோமா என்று அவள் கேட்கவில்லை. கன்னத்தில் இரண்டு தழும்பு இருந்தது.

நண்பர் இந்தப் பத்திரிகையை வரி விடாமல் படிக்கிறவர். கோபித்துக்கொள்ளாமல் வரட்டும். காப்பி உண்டு, இந்தத் தடவை நான் போடுகிறேன்.