பேர் சொல்லாதது

ஓட்டலுக்குப் போய், தோசை தின்ன வேண்டும் என்று நாவில் நீர் ஊற உட்கார்ந்து, சர்வர் வந்து நின்றதும் இட்லி கேட்டு, பிடிக்காத அந்த இட்லியை விண்டு விண்டு விழுங்கிவிட்டு எழுந்து வந்த அநுபவம் உங்களில் யாருக்காவது உண்டா? தோசை தீர்ந்து போனதால் அல்ல. கையில் காசு போதாததாலும் அல்ல. 'தோ' என்ற எழுத்து அன்றைக்கு வாயிலிருந்து வெளியே வர மறுத்துவிட்டதால்!

எனக்குத் தெரிந்த ஒரு பெண் இந்த விதமாகத் தின்ற இட்லிகளுக்குக் கணக்கே கிடையாது. அவளைப் பற்றியும், அவள் எனக்குப் படிக்கக் கொடுத்த ஒரு புத்தகத்தைப் பற்றியும் இந்த வாரம் எழுதலாம் என்று உத்தேசம். அவளிடம் அநுமதி கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். 'பேர் மட்டும் போடக் கூடாது' என்று நிபந்தனை. அந்த நிபந்தனையில் உள்ள வேடிக்கை உங்களுக்குப் போகப் போகத் தெரியும்.

மே மாதத்தில் சேலத்து வெயிலுக்குப் பயந்து ஏற்காட்டுக்கு ஓடினேன். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கடந்தால், மேலே சில்வர் ஓக் மரங்களும், அவற்றைத் தழுவி ஏறும் மிளகுக் கொடிகளும், நிழலில் காபிச் செடிகளும். என் பால்ய சிநேகிதர் ஒருவர் அங்கே ஒரு காபித் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறார். அறுவடைக் காலம் அல்லவாகையால், பழம் உலர்த்தும் களம் காலியாகக் கிடந்தது. முதல் நாள் காலையில் அந்தக் களத்தில் யாரோ மடமடவென்று பேசும் குரல் கேட்டு எட்டிப் பார்த்தேன். சிநேகிதரின் பெண், பதினாறு வயது, தோட்டத்து நாயை உட்கார்த்தி வைத்து உபந்நியாசம் செய்துகொண்டிருந்தாள். என்ன சரளம்! என்ன வேகம்! நாய்கூடத் தலையைச் சாய்த்துக் கேட்டது.

என்னைக் கண்டதும் வாய் அடைத்துப் போயிற்று. வெட்கத்தால் அல்ல. "மாமா, நாளைக்குச் சே... சே... சே..." என்று ஆரம்பித்தவள், கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றுவிட்டாள். கழுத்து நரம்பு புடைத்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. உதவி செய்கிற உத்தமன் அல்லவா நான்? "சேலத்துக்குப் போகிறாயா, அம்மா?" என்றேன். இல்லை என்று தலையசைத்தாள். மறுபடியும், "சே... சே..." "சேமியாவா?" என்று கேட்டேன். ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு "ஆமாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் எனக்கு ஏலக்காய் மணக்கச் சேமியா பாயசம் கிடைத்தது. இரண்டு டம்ளர் குடித்தேன். அவள் சொல்ல வந்தது 'சேர்வராயன் கோயிலுக்கு அழைத்துக்கொண்டு போகிறேன்' என்பது எனக்கு மூன்றாம் நாள்தான் தெரிந்தது. தப்பான வார்த்தையை ஒப்புக்கொள்வது, சரியான வார்த்தைக்காகப் போராடுவதைவிட அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. அவளுடைய வாக்கியத்தைப் பறித்து, பாயசமாக்கிக் குடித்த பாவி நான்.

சேர்வராயன் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. மலையுச்சியில், தாழ்ந்த கூரையுள்ள குகைக் கோயிலில் இருக்கும் அந்தச் சுவாமியின் பேரால்தான் மலைக்கே பேர். வெள்ளைக்காரத் துரைமார்களுக்கு அது வாயில் நுழையவில்லை; 'ஷெவராய்' என்றார்கள். ஏரியும் காடும் சேர்ந்த ஏற்காடு, அவர்கள் எழுத்தில் 'யெர்காட்' ஆயிற்று. ஒரு மலையின் பேரையே சொல்ல முடியாமல் நாக்குப் புரண்டவர்களை யாராவது திக்குவாய் என்று சிரித்தோமா? தப்பாகச் சொன்னதையே பலகையில் எழுதி வைத்துக்கொண்டோம்!

இருக்கட்டும், புத்தகத்துக்கு வருகிறேன். மூன்றாம் நாள் அவள் கொண்டுவந்து கொடுத்தது ஜப்பானியச் சித்திரக் கதை ஒன்றின் இங்கிலீஷ் பதிப்பு. இந்த வகைக்கு 'மங்கா' என்று பேர். மாங்காய் அல்ல, மங்கா! நாம் கடைசிப் பக்கம் என்று நினைக்கிற இடத்தில் முதல் பக்கம் இருக்கும்; வலத்திலிருந்து இடமாகப் படிக்க வேண்டும். ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்து புத்தகத்தைத் தலைகீழாக்கியும் திருப்பியும் நான் பட்ட பாட்டைப் பார்த்து, படகுத் துறையில் நின்ற பையன்கள் சிரித்தார்கள்.

கதையின் பேர் 'ஷினோவுக்குத் தன் பேரைச் சொல்ல வராது' என்று அர்த்தம் தொனிக்கும். எழுதி வரைந்தவர் ஓஷிமி ஷூஸோ என்ற சித்திரக்காரர். ஜப்பானில் 2012-ல் புத்தகமாயிற்று. 2018-ல் சினிமாவாகவும் வந்தது. கதாநாயகி ஓஷிமா ஷினோ. புதுப் பள்ளியில் முதல் நாள். ஒவ்வொருவராக எழுந்து தன் பேரைச் சொல்ல வேண்டும். அவளுடைய முறை வருகிறது. 'ஓ... ஓ... ஓ...' வகுப்பே சிரிக்கிறது. அப்புறம் அவளுக்குக் கிடைக்கிற சிநேகிதி கயோவுக்குச் சங்கீதம் என்றால் உயிர், கிட்டார் வாசிப்பாள், ஆனால் பாட வாயைத் திறந்தால் சுருதி ஊருக்கு வெளியே போய் நிற்கும். ஷினோவுக்குப் பேச்சு வராது, பாட்டு வரும். இரண்டு பேரும் சேர்ந்து தெருவோரத்தில் பாடக் கிளம்புகிறார்கள். பிறகு ஒரு பையன் வந்து குறுக்கிடுகிறான். முடிவை நான் சொல்ல மாட்டேன்.

காதல் கதை என்று சொல்லித்தான் அந்தப் பெண் கொடுத்தாள். எனக்கென்னவோ சிநேகிதத்தின் கதையாகவே பட்டது. பதினாறு வயதில் இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே இருக்கிறது என்று யாரால் சொல்ல முடியும்?

ஓஷிமிக்கும் சின்ன வயதில் திக்கு உண்டாம். பின்னுரையில் அவரே எழுதியிருக்கிறார். ஆனால் கதைக்குள் ஓரிடத்திலும் 'திக்குவாய்' என்ற சொல்லை அவர் பிரயோகிக்கவில்லை. அதைப் போட்டுவிட்டால் கதை ஒரு வியாதியின் கதையாகிவிடும், எல்லாருடைய கதையாக இருக்காது என்று வேண்டுமென்றே விட்டாராம். இன்னொரு விசேஷம்: திக்கு என்றால் எழுத்து திரும்பத் திரும்ப வருவது மட்டும் அல்ல. சில சமயம் எழுத்து இழுபடும். சில சமயம் தொண்டையில் கதவு சாத்தினாற்போல் ஒன்றுமே வராது. இந்த மூன்றாவதைக் கதையில் எப்படி எழுதுவீர்கள்? நாலு புள்ளி வைத்தால் போதுமா? சித்திரக்காரருக்கு அந்தச் சங்கடம் இல்லை. வார்த்தையே இல்லாமல் முகத்தை மட்டும், வியர்வையை மட்டும், கட்டம் கட்டமாகப் போடுகிறார். பக்கத்தைப் புரட்டும்போது என் தொண்டையே அடைத்துக்கொண்டது.

நம் கதைகளில் என்ன செய்தோம்? 'ப... ப... பணம்' என்று எழுதி வாசகரைச் சிரிக்க வைத்தோம். நானும் என் பங்குக்கு எழுதியிருக்கிறேன், மறைப்பானேன்? நம் சினிமாவில் திக்கு என்பது அநேகமாக ஹாஸ்ய நடிகரின் சொத்தாகவே இருந்தது. காதலிக்கும் உரிமை அவருக்குக் கிடையாது. ஹிந்தியில் 2009-ல் விஷால் பரத்வாஜின் 'கமீனே' வந்தது. இரட்டையரில் ஒருவனுக்குத் திக்கு, அவனுக்குத்தான் காதலும் கல்யாணமும். மலையாளத்தில் 2015-ல் ரஞ்சித் சங்கர் எடுத்த 'சு சு சுதி வாத்மீகம்' படத்தில் ஜெயசூர்யாவுக்குத் திக்குகிற கதாநாயகன் வேஷம். இந்த விஷயத்தில் மலையாளிகளுக்கு ஒரு முன்னோடியும் உண்டு. கேரளத்தின் முதல் முதலமைச்சராக 1957-ல் பதவியேற்ற ஈ. எம். எஸ். நம்பூதிரிபாட் திக்கிப் பேசுவார். 'உங்களுக்கு எப்போதுமே திக்குமா?' என்று ஒருவர் கேட்டதற்கு, 'இல்லை, பேசும்போது மட்டுந்தான்' என்று பதில் சொன்னதாக ஒரு கதை வழங்குகிறது.

என் சிநேகிதருக்கு இந்த ஹாஸ்யமெல்லாம் ரசிக்கவில்லை. "நாளைக்கு ஒரு இடத்தில் கொடுக்க வேண்டிய பெண்ணப்பா" என்றார். மூன்று வயதில் அவள் திக்கத் தொடங்கியபோது, பயந்திருப்பாள் என்று மந்திரித்தார்களாம். வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவினார்களாம். அந்த வசம்புக்கு நம் கிராமங்களில் என்ன பேர் தெரியுமோ? 'பேர் சொல்லாதது'! ராத்திரியில் அதன் பேரைச் சொல்லக் கூடாது என்பார்கள். பேர் சொல்ல வராத குழந்தைக்குப் பேர் சொல்லாத மருந்து! அது திக்கைத் தீர்க்காது என்பதோடு, பச்சைக் குழந்தைகளுக்கு அதை உள்ளுக்குக் கொடுக்க வேண்டாம் என்றும் வைத்தியர்கள் எச்சரிக்கிறார்கள்.

பயந்ததாலோ, தாயார் கண்டித்ததாலோ திக்கு வருவதில்லை. மூளையில் பேச்சை ஓட்டும் ஏற்பாட்டிலேயே ஒரு சிறு வித்தியாசம். குடும்பத்தில் தொடர்ந்து வருவதும் உண்டு. 2 வயதுக்கும் 5 வயதுக்கும் நடுவில்தான் பெரும்பாலும் தலைகாட்டும். குழந்தைகளில் நூற்றுக்கு 5 பேருக்கு வந்து, முக்கால்வாசிப் பேருக்குத் தானே போய்விடுகிறது. பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கு நிலைத்துவிடுகிறது; அதிலும் ஆண்கள் நாலு பேர் என்றால் பெண் ஒருத்தி. பாடும்போதும், பத்துப் பேரோடு சேர்ந்து ஒப்பிக்கும்போதும், நாயோடு பேசும்போதும் பலருக்கு மாயமாய் மறைந்துவிடும். அதனால்தான் 'வேண்டுமென்று செய்கிறாள்' என்ற பழி வேறு. மைசூரில் 1965-ல் ஏற்பட்ட அகில இந்திய பேச்சு, செவித்திறன் நிலையத்தில் இதற்கெனப் பயிற்சி தருகிறார்கள். திக்குகிறவர்களே 2008-ல் இந்தியத் திக்குவாய்ச் சங்கம் என்று ஒன்று ஆரம்பித்து, ஒருவருக்கொருவர் துணையாக இருக்கிறார்கள். இதையெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதிச் சிநேகிதர் கையில் கொடுத்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் பெண்ணோ வேறு கவலையில் இருந்தாள். ஜூன் மாதம் சேலத்தில் புதுப் பள்ளி, பதினோராம் வகுப்பு. பழைய பள்ளியில் நம்பரைக் கூப்பிடுவார்கள். 'எஸ் மிஸ்' என்றால் தீர்ந்தது. புதிய இடத்தில் எழுந்து நின்று பேரைச் சொல்ல வேண்டும். "தோசைக்குப் பதில் இட்லி சொல்லலாம், மாமா. பே... பே... பேருக்குப் பதில் என்ன சொல்றது?" என்று கேட்டாள். இந்த வாக்கியத்தை அவள் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்று நான் கடிகாரம் பார்க்கவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதுவே எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்கிறீர்கள்!

எங்கள் பாட்டி தாத்தாவின் பேரை வாழ்நாளில் சொன்னதில்லை. ரேஷன் ஆபீஸில் குமாஸ்தா கேட்டால் பாட்டி பக்கத்தில் திரும்பிப் பார்ப்பாள். யாராவது எடுத்துக் கொடுப்பார்கள். எடுத்துக் கொடுப்பது மரியாதை என்று அப்படித்தான் நான் கற்றுக்கொண்டேன். பாட்டிக்கு வேண்டியிருந்தது. இவளுக்கு வேண்டாம். வேண்டுமா வேண்டாமா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அந்தப் பாயசம் எனக்குக் கிடைத்திராது.

ஐந்தாம் நாள் அவளும் நானும் சேர்வராயன் கோயிலுக்குப் போனோம். குனிந்துதான் உள்ளே போக வேண்டும். அர்ச்சனைக்குப் பூசாரி பேர் கேட்டார். நான் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் கூட்டம் நெருக்கியது. யாரோ, "சீக்கிரம் சொல்லும்மா" என்றார்கள். பூசாரி அவசரப்படவில்லை, குங்குமத் தட்டைப் பிடித்தபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பேர் வந்தது, மூன்று தவணையில். அவர் அதை ஒரே மூச்சில் சுவாமியிடம் சொன்னார்.

ஜூன் மாதம் அவளிடமிருந்து போனில் ஒரு செய்தி வந்தது. முதல் நாள் வகுப்பில் எழுந்து நின்றாளாம். வரவில்லையாம். இரண்டு பெண்கள் சிரித்தார்களாம். கரும்பலகைக்குப் போய் எழுதிவிட்டு வந்து உட்கார்ந்தாளாம். சிரித்தவர்களில் ஒருத்தி மத்தியானம் வந்து, கேண்டீனுக்கு வருகிறாயா என்று கேட்டாளாம். போய், தோசையே கேட்டாளாம். தோசை தீர்ந்து போயிருந்ததாம்.

கடைசியில் ஒரு வரி: 'மாமா, என் புத்தகத்தைத் திருப்பி அனுப்பவும். அந்தப் பெண்ணுக்குக் கொடுக்க வேண்டும்.'