நடுக்கடலில் கப்பல் தீப்பிடித்தால் யார் அணைப்பது? மாலுமிகளுக்குத் தரப்படும் தீயணைப்புப் பயிற்சி போதுமா?

கொழும்பிலிருந்து மும்பை நோக்கிச் சென்றுகொண்டிருந்த 'வான் ஹாய் 503' என்ற கன்டெய்னர் கப்பல், 2025 ஜூன் 9 அன்று கேரளாவின் கண்ணூர் கடற்பகுதிக்கு அப்பால் வெடித்துத் தீப்பிடித்தது. கப்பலில் இருந்த 22 பேரில் 18 பேர் மீட்கப்பட்டு மங்களூருக்குக் கொண்டுவரப்பட்டனர். 4 பேர் காணாமல் போனார்கள். கடலோரக் காவல்படையும் கடற்படையும் சேர்ந்து போராடியும் தீயை முழுசாக அணைக்கப் பல நாட்கள் பிடித்தன.

கரையில் தீப்பிடித்தால் 101-க்கு ஒரு போன் போதும், வண்டி வந்துவிடும். நடுக்கடலில் அப்படி யாரும் வரமாட்டார்கள். உதவி வந்து சேரப் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாளுக்கு மேலேகூட ஆகும். அதுவரை கேப்டன் முதல் சமையல்காரர் வரை கப்பலில் இருப்பவர்கள்தான் தீயணைப்பு வீரர்கள். அதற்கு அவர்களுக்கு என்ன கற்றுத்தரப்படுகிறது? அது போதுமா?

என்ன பயிற்சி?

மாலுமிகளின் பயிற்சிக்கும் சான்றிதழுக்கும் உலகம் முழுவதும் ஒரே அடிப்படைதான். 1978-ல் உருவாகி, 1995-லும் 2010-லும் பெரிய அளவில் திருத்தப்பட்ட எஸ்.டி.சி.டபிள்யூ என்ற சர்வதேச ஒப்பந்தம் அது. இதன்படி கப்பலில் பணிபுரியும் மாலுமிகள் தீத்தடுப்பு, தீயணைப்பு அடிப்படைப் பயிற்சியை முடித்தாக வேண்டும். எந்தத் தீக்கு எந்தத் தீயணைப்பான், தண்ணீர்க் குழாயை எப்படிப் பிடிப்பது, முதுகில் காற்று சிலிண்டரை மாட்டிக்கொண்டு புகை நிறைந்த இருட்டு அறைக்குள் எப்படித் தவழ்ந்து போவது, உள்ளே மயங்கிக் கிடப்பவரை எப்படி இழுத்து வருவது என்பதெல்லாம் இதில் வரும்.

அதிகாரிகளுக்குக் கூடுதலாக ஒரு மேல்நிலைப் பயிற்சி உண்டு. குழுக்களைப் பிரித்து அனுப்புவதும் முடிவெடுப்பதும் அதில் கற்றுத்தரப்படும். 5 ஆண்டுக்கு ஒருமுறை இந்தத் திறமை மங்கவில்லை என்று நிரூபிக்க வேண்டும். இந்தியாவில் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் அனுமதி பெற்ற நிறுவனங்கள் இதை நடத்துகின்றன. சென்னையிலும் இப்படிப் பல மையங்கள் இயங்குகின்றன.

கப்பல் தீ ஏன் வேறு மாதிரி?

கப்பல் என்பது இரும்புப் பெட்டி. ஓர் அறையில் எரியும் தீ, சுவரையும் தரையையும் கூரையையும் சூடாக்கி, அடுத்த அறையில் உள்ள பொருளைப் பற்றவைத்துவிடும். அதனால் தீயை அணைக்க ஒரு குழு உள்ளே போகும்போதே, சுற்றியுள்ள இரும்புச் சுவர்களைத் தண்ணீர் அடித்துக் குளிர வைக்க இன்னொரு குழு வேண்டும்.

அந்தத் தண்ணீரையும் அளவில்லாமல் அடிக்க முடியாது. உள்ளே தேங்கி ஒரு பக்கம் சாய்ந்தால் கப்பலே கவிழும். 1942 பிப்ரவரியில் நியூயார்க் துறைமுகத்தில் எரிந்த 'நார்மண்டி' கப்பல், அணைக்க அடித்த தண்ணீரின் எடை தாங்காமல்தான் சாய்ந்து விழுந்தது.

நகரத்துத் தீயணைப்பு அனுபவம் மட்டும் இங்கே கைகொடுக்காது. 2023 ஜூலையில் அமெரிக்காவின் நியூவார்க் துறைமுகத்தில் நின்றிருந்த 'கிராண்டே கோஸ்டா டி அவோரியோ' கப்பலில் பழைய கார்கள் எரிந்தபோது, உள்ளே போன 2 தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தனர். கப்பல் தீயைக் கையாள அவர்களுக்குப் போதிய பயிற்சி இல்லாததை அந்நாட்டு விசாரணை அமைப்பு சுட்டிக்காட்டியது.

'எல்லாரும் வெளியே வந்தாச்சா?'

கப்பலின் இன்ஜின் ரூமில் தீ கைமீறினால் கடைசி ஆயுதம் கார்பன் டை ஆக்சைடு. கதவுகளையும் காற்றுப் போக்கிகளையும் மூடி, எரிபொருளை நிறுத்தி, வாயுவைத் திறந்துவிட வேண்டும். விதிப்படி தேவையான வாயுவில் 85 சதவீதம் 2 நிமிடத்துக்குள் உள்ளே போய்விடும். தீ அடங்கும். ஆனால் உள்ளே யாராவது சிக்கியிருந்தால் அவர் பிழைக்க மாட்டார்.

அதனால் தீ மணி அடித்ததும் முதல் வேலை தலை எண்ணுவது. ஓர் ஆள் குறைந்தால்? தேட அனுப்பினால் நேரம் போகும், தீ வளரும். அனுப்பாமல் வாயுவைத் திறந்தால் அவர் உயிர் போகும். தேடப் போகிறவரின் சிலிண்டரில் சுமார் அரை மணி நேரக் காற்றுதான் இருக்கும். இந்த முடிவைக் கேப்டன் சில நிமிடங்களில் எடுக்க வேண்டும். ஒத்திகையில் எல்லோரும் வேகமாக வந்து சேரப் பழகியிருந்தால் இந்தச் சங்கடமே பெரும்பாலும் வராது.

பழகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1990 ஏப்ரல் 7 சாட்சி. நார்வேயிலிருந்து டென்மார்க் சென்ற 'ஸ்காண்டிநேவியன் ஸ்டார்' பயணிகள் கப்பலில் பற்றிய தீயில் 159 பேர் இறந்தனர். ஊழியர்கள் அந்தக் கப்பலுக்குப் புதியவர்கள். ஒழுங்கான தீ ஒத்திகை நடக்கவில்லை. பயணிகளோடு பேச மொழியும் தடையாக இருந்தது.

இன்று சோலாஸ் என்ற சர்வதேச ஒப்பந்தப்படி, ஒவ்வொரு மாலுமியும் மாதம் ஒருமுறையாவது தீ ஒத்திகையில் கலந்துகொள்ள வேண்டும். முந்தைய மாதம் அந்தக் கப்பலில் ஒத்திகை செய்யாதவர்கள் 25 சதவீதத்துக்கு மேல் இருந்தால், துறைமுகத்தை விட்டுப் புறப்பட்ட 24 மணி நேரத்துக்குள் ஒத்திகை நடத்தியாக வேண்டும்.

பயிற்சி இருந்தும் ஏன் தோற்கிறார்கள்?

இங்கேதான் சிக்கல். பயிற்சி மையத்தில் இரும்புக் கூடத்துக்குள் மூட்டப்படும் தீ, பயிற்சியாளருக்குத் தெரிந்த தீ. கன்டெய்னர் கப்பலில் எரிவது என்னவென்றே பல நேரம் மாலுமிக்குத் தெரியாது. மூடிய பெட்டிக்குள் எரியும் தீயைத் தண்ணீரும் எளிதில் எட்டாது, வாயுவும் எட்டாது. சரக்கை அனுப்புபவர் ஆவணத்தில் ஆபத்தான பொருளை மறைத்தால், கப்பலில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

2018 மார்ச்சில் அரபிக் கடலில் 'மேர்ஸ்க் ஹோனம்' எரிந்தபோது 5 மாலுமிகள் உயிரிழந்தனர். கிருமிநாசினியாகப் பயன்படும் ஒரு ரசாயனம் தானாகவே சிதைந்து சூடேறியதுதான் தீக்குக் காரணமாக இருக்கக்கூடும் என்றது சிங்கப்பூர் விசாரணை. மாலுமிகள் கார்பன் டை ஆக்சைடைத் திறந்தார்கள். ஆனால் காற்று இல்லாமலே சிதைந்து சூடேறும் ரசாயனத்தை அந்த வாயுவால் அடக்க முடியாது.

கொழும்புக்கு அருகே 2021 மே மாதம் எரிந்த 'எக்ஸ்-பிரஸ் பேர்ல்' கதை வேறு. நைட்ரிக் அமிலம் கசிவது மாலுமிகளுக்கு முன்பே தெரியும். கத்தாரின் ஹமத், குஜராத்தின் ஹசிரா ஆகிய துறைமுகங்களில் அந்தக் கன்டெய்னரை இறக்க முடியவில்லை. கடைசியில் கப்பல் எரிந்து மூழ்கியது. இலங்கைக் கரையெல்லாம் பிளாஸ்டிக் துகள்கள் ஒதுங்கின. மீனவர்களின் பிழைப்பு முடங்கியது. கரையில் எடுத்த முடிவுகளுக்கு மாலுமியின் பயிற்சி ஈடாகாது.

இன்னொரு பக்கம், கப்பல்கள் 400 மீட்டர் நீளத்துக்கு வளர்ந்துவிட்டன. அதில் இருப்பதோ சுமார் 20 முதல் 25 பேர்தான். சரக்குக் கப்பலில் கட்டாயமாக இருக்க வேண்டிய தீயணைப்பு உடைகள் குறைந்தது இரண்டு செட். கன்டெய்னரைத் துளைத்து உள்ளே தண்ணீர் தெளிக்கும் கருவி கட்டாயம் என்ற விதி 2016-க்குப் பிறகு கட்டப்பட்ட கப்பல்களுக்கு மட்டுமே.

அடுத்து என்ன?

கன்டெய்னர் கப்பல்களின் தீ பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்குவது, மாலுமிப் பயிற்சி ஒப்பந்தத்தை முழுமையாக மறுஆய்வு செய்வது ஆகிய இரண்டும் சர்வதேச கடல்சார் அமைப்பில் பேசப்பட்டு வருகின்றன. தீயைச் சீக்கிரம் கண்டறியும் சென்சார்கள், கூடுதல் தண்ணீர் வசதி, பொய்யான சரக்கு விவரத்துக்குக் கடும் தண்டனை ஆகியவை நீண்டகாலக் கோரிக்கைகள்.

ஆனால் புதிய விதி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்று உண்டு. மாதாந்திர ஒத்திகையைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கும் சடங்காக விடாமல், ஒரு மாதம் இன்ஜின் ரூம், அடுத்த மாதம் சரக்கு அறை, இன்னொரு முறை நள்ளிரவு, ஓர் ஆள் காணவில்லை என்ற சூழல் என்று மாற்றி மாற்றி நடத்தலாம். இதற்குப் பெரிய செலவில்லை. மாலுமிகளுக்கு நேரமும், அவர்கள் அதற்குச் செலவிடும் நேரத்தை வீண் என்று நினைக்காத நிர்வாகமும் வேண்டும்.

'இந்தத் தீ நம்மால் முடியாது, படகை இறக்கு' என்று சரியான நேரத்தில் சொல்லத் தெரிவதும் பயிற்சியில் ஒரு பாடம்தான். கப்பலையும் சரக்கையும் காப்பீடு ஈடுகட்டும். வீட்டில் காத்திருப்பவர்களுக்கு அப்படி ஈடு எதுவும் கிடையாது.