பத்திரம் இல்லையென்றால் பள்ளியும் இல்லையா?

1929-இல் தொடங்கிய போ தோட்டம் முதல் கேமரன் மலைத் தேயிலைக்கு உழைத்தது தமிழன் கை. அந்தத் தோட்டப்புறப் பிள்ளை படிக்க மட்டும் பிறப்புப் பத்திரம் வேண்டுமாம்!

2003 முதல் தொடக்கக்கல்வி கட்டாயம் என்று அரசு மார்தட்டுகிறது. சட்டத்தைப் படியுங்கள்: குடிமக்களான பெற்றோருக்கே அந்தக் கடமை. வேண்டாத பிள்ளையைச் சட்டமே வாசலில் நிறுத்துகிறது.

பெற்றோரில் ஒருவர் குடிமகனானால் பத்திரமில்லாப் பிள்ளையும் சேரலாம் என்று 2019-இல் வழிவிட்டார்கள். நல்லது. ஆனால் அது கொள்கைதான். அமைச்சர் மாறினால் மாறலாம். இருவருமே நாடற்றவர் என்றால் பிள்ளை எங்கே போகும்?

பதியத் தவறியவர் பெற்றோர், தண்டனை பிள்ளைக்கா? சலுகை வேண்டாம். “மலேசியாவில் வாழும் ஒவ்வொரு பிள்ளைக்கும்” என்று சட்டத்தைத் திருத்துங்கள்!