கம்ப்யூட்டர் கொடுத்த தீர்ப்பு

1970 ஜனவரி 20. அமெரிக்கத் தியேட்டர்களில் ஒரு குத்துச்சண்டை காட்டப்பட்டது. 13-வது ரவுண்டில் முகமது அலி விழுந்தார், ராக்கி மார்சியானோ ஜெயித்தார். வேடிக்கை என்னவென்றால், மார்சியானோ 1969 ஆகஸ்டிலேயே விமான விபத்தில் இறந்துவிட்டார்!

இருவரையும் முன்பே பல விதமாக மோதவிட்டுப் படம் பிடித்திருந்தார்கள். வெற்றி யாருக்கு என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுச் சொன்னதாம். ஐரோப்பாவில் காட்டிய பிரதியிலோ அலிக்கு வெற்றி! ஊருக்கு ஊர் மாறினால் அது என்ன கணக்கு?

ஹெவிவெயிட் பிரிவின் நிஜக் கணக்கை வருடவாரியாகப் பாருங்கள்.

1967: வியட்நாம் போருக்காக ராணுவத்தில் சேர மறுத்த அலியின் பட்டம் பறிப்பு.
1968: பட்டம் இரண்டாக உடைகிறது. ஒரு பக்கம் ஜோ ஃப்ரேசியர், மறுபக்கம் ஜிம்மி எல்லிஸ்.
1970 பிப்ரவரி: எல்லிஸை வீழ்த்தி ஃப்ரேசியர் ஒரே சாம்பியன்.
1970 அக்டோபர்: அலி மீண்டும் களத்தில்.

25 வயதிலிருந்து 28 வரை, ஒரு வீரனின் உச்ச வயதில், அலிக்கு ஒரு நிஜச் சண்டைகூட இல்லை. நடக்காத சண்டைக்கு ஏது புள்ளிவிவரம்? அது இல்லாமல் எந்தக் கம்ப்யூட்டர் அலியை எடைபோட முடியும்? யார் சாம்பியன் என்று எழுதினால் மட்டும் போதாது. யாரை ஆடவிடவில்லை என்றும் எழுத வேண்டும். அதுதான் நேர்மையான கணக்கு.

1980-ல் அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் காட்சிப் போட்டி ஆடினார். எதிரே நின்றவர் யார் தெரியுமா? அலியிடம் பறித்த பட்டத்தில் பாதியை 1968-ல் வாங்கிய அதே ஜிம்மி எல்லிஸ்!