சாவியோடு கைமாறும் அதிகாரம்

சென்னையில் வீட்டை வைத்துக்கொண்டு வெளிநாட்டிலோ வெளியூரிலோ வாழும் உரிமையாளர்கள், அந்த வீட்டை வாடகைக்கு விட்டுப் பராமரிக்கும் பொறுப்பை உறவினரிடமோ, குடி அமர்த்தித் தந்த தரகரிடமோ, அதற்கென இயங்கும் நிறுவனத்திடமோ ஒப்படைக்கின்றனர். அவ்வாறு ஒப்படைக்கையில் பெரும்பாலும் முதலில் எழும் கேள்வி கட்டணம் எவ்வளவு என்பதாகவே இருக்கிறது. ஆனால் சாவியோடு சேர்ந்து உரிமையாளரின் பெயரால் பேசவும், பணம் பெறவும், செலவிடவும் உரிய அதிகாரமும் கைமாறுகிறது என்பதால், அந்த அதிகாரத்தின் எல்லை எது, அதற்கான கணக்கு எவ்வாறு காட்டப்படும் என்ற இரு கேள்விகளே தேர்வின் அடிப்படையாக அமைய வேண்டும்.

1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திற்கு மாற்றாக இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ‘சொத்து மேலாளர்’ என்பவரைத் தனியே வரையறுக்கிறது. வீட்டை நிர்வகிக்கவும் வாடகைதாரருடனான நடவடிக்கைகளில் உரிமையாளரின் சார்பாளராக நிற்கவும் அதிகாரம் பெற்றவரே சொத்து மேலாளர். அவர் தனிநபராகவும் இருக்கலாம், நிறுவனமாகவும் இருக்கலாம். ரசீது கொடுத்து வாடகை வசூலிப்பதும், அவசியமான பழுதுகளை நீக்குவதும், வீட்டை அவ்வப்போது பார்வையிடுவதும், தகராறுகளைத் தீர்க்க உதவுவதும் அவருடைய கடமைகள் என்று கூறும் இச்சட்டம், மேலாளரின் பெயர், அதிகாரத்திற்கான சான்று, அதன் நோக்கம், காலம் ஆகியவற்றை உரிமையாளர் வாடகைதாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் விதிக்கிறது.

தரகரின் பணி குடி அமர்த்துவதோடு முடிகிறது. மேலாளரின் பணி அங்கிருந்துதான் தொடங்குகிறது. இருவரும் ஒருவராகவே இருக்கும்போது, ஒவ்வொரு புதிய குடித்தனத்திற்கும் தரகுத்தொகை கிடைப்பதால், அடிக்கடி குடி மாறுவது அவருக்கு ஆதாயமாகவும் உரிமையாளருக்கு இழப்பாகவும் முடியக்கூடும். எனவே மேலாண்மைக் கட்டணத்தை, உண்மையில் வசூலான வாடகையின் விழுக்காடாக நிர்ணயிப்பதும், குடி மாறும்போது பெறும் தரகை முன்கூட்டியே வரையறுப்பதும் நல்லது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் முகவராகப் பதிவு பெற்றிருப்பதைத் தகுதிச் சான்றாகச் சிலர் காட்டுவதுண்டு. அப்பதிவு மனை, வீடு ஆகியவற்றின் விற்பனையில் ஈடுபடும் முகவர்களுக்கானதே தவிர, வாடகை வீட்டு நிர்வாகத் திறனுக்கான சான்று அன்று.

மேலாளருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்கும்போது கூடுதல் கவனம் தேவை. பல செயல்களுக்கு ஒட்டுமொத்தமாக அதிகாரம் வழங்குவது பொது அதிகாரப் பத்திரம். குறிப்பிட்ட செயல்களுக்கு மட்டும் வழங்குவது சிறப்பு அதிகாரப் பத்திரம். வாடகை ஒப்பந்தம் செய்துகொள்ளுதல், அதைப் பதிவு செய்தல், மின்வாரியத்திலும் மாநகராட்சியிலும் கட்டணமும் வரியும் செலுத்துதல் என்று பணிகளை எண்ணிக் குறிப்பிடும் சிறப்புப் பத்திரமே இதற்குப் போதுமானது. விற்கவோ அடமானம் வைக்கவோ உரிய அதிகாரம் அதில் இடம்பெறவே கூடாது. வெளிநாட்டில் எழுதப்படும் பத்திரம் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று, இந்தியாவுக்கு வந்துசேர்ந்த 3 மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும்.

மேலாளர் சட்டப்படி ஒரு முகவர் என்பதால், 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் முகவருக்கு விதிக்கும் கடமைகள் அவரையும் கட்டுப்படுத்துகின்றன: உரிமையாளர் கேட்கும்போது முறையான கணக்கைக் காட்ட வேண்டும் என்று அச்சட்டத்தின் 213ஆம் பிரிவு கூறுகிறது. இக்கடமை ஏட்டளவில் நின்றுவிடாதிருக்க, வாடகை நேராக உரிமையாளரின் வங்கிக் கணக்கில் சேர வேண்டும். பழுது நீக்கத்திற்கு ஒரு தொகையை வரம்பாக வைத்து, அதற்கு மேற்பட்ட செலவுக்கு முன்அனுமதி பெறச் செய்ய வேண்டும். பிளம்பருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் கொடுத்த தொகைக்கு அவர்கள் தந்த பில்லே மாதக் கணக்குடன் இணைக்கப்பட வேண்டும். வெளிநாடுவாழ் உரிமையாளருக்கு வாடகை செலுத்துபவர் மூலத்திலேயே வருமான வரியைப் பிடித்தம் செய்ய வேண்டியிருப்பதால், உரிமையாளரின் வசிப்பு நிலையை வாடகைதாரருக்கு ஒப்பந்தத்திலேயே தெரிவிக்கும் மேலாளர் இரு தரப்பையும் பின்னாளைய தொல்லையிலிருந்து காக்கிறார்.

மேலாளரின் தரத்தை அறிய, அவர் நிர்வகித்த வீடுகளைக் காலி செய்துசென்ற வாடகைதாரர்களை விசாரிப்பதே மிகச் சிறந்த வழி. வேறு உடன்பாடு இல்லாத நிலையில் 3 மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்றும், காலி செய்த ஒரு மாதத்திற்குள் உரிய கழிவு போக அதைத் திருப்பித் தர வேண்டும் என்றும் வாடகைச் சட்டம் சொல்லும்போதும், சென்னையில் அட்வான்ஸைத் திரும்பப் பெறுவதுதான் குடித்தனக்காரர்களின் தீராத கவலையாக இருந்துவருகிறது. மேலாளர் சுவர்ப்பூச்சுக்கு எவ்வளவு கழித்தார், அதற்குக் கணக்குக் காட்டினாரா, வீட்டைப் பார்வையிட 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் தெரிவித்தாரா என்பனவற்றை அவர்களால் மட்டுமே சொல்ல முடியும். தொலைவில் இருக்கும் உரிமையாளரை வாடகைதாரர் மேலாளரின் முகத்தில்தான் காண்கிறார். மேலாளரின் அநீதி உரிமையாளரின் அநீதியாகவே அறியப்படுகிறது.

மேலாளருடனான ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள எத்தனை நாள் முன்னறிவிப்பு, சாவிகளும் ஆவணங்களும் எப்போது ஒப்படைக்கப்படும் என்பவை தொடக்கத்திலேயே எழுதப்பட வேண்டும். இத்தகைய வரம்புகளை நம்பிக்கையின்மை என்று கருதி வருந்துபவரைத் தவிர்த்து, அவற்றைத் தம் நேர்மைக்கான பாதுகாப்பாக ஏற்பவரைத் தேர்ந்தெடுப்பதே, கட்டணம் சற்றுக் கூடினாலும், வீட்டுக்கும் அதில் வாழும் குடும்பத்துக்கும் செய்யும் நியாயமாகும்.